நல்லூர் 1444: ஒரு சிற்றரசின் ஆட்டம்

யூரோப்பா யூனிவர்சாலிஸ் என்ற கணினி விளையாட்டின் நான்காம் பதிப்பு 1444 நவம்பர் 11ஆம் தேதி தொடங்குகிறது. சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் அதை 2013இல் வெளியிட்டது. உலக வரைபடத்தில் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு 1821 வரை அதை நடத்திப் போகலாம்: வரி, படை, திருமண உறவு, கடற்படை, மதம், எல்லாம் ஆடுபவர் கையில். ஆட்டம் தொடங்கும் தேதிக்கு முதல் நாள்தான் பல்கேரியக் கரையில் வர்ணா போர் நடந்து, ஒட்டோமானியர் ஐரோப்பியரை முறியடித்திருந்தார்கள். தேதியைக் குறித்தவர்களின் கண் அங்கே இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து நல்லூரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தேதி யாழ்ப்பாணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கனகசூரிய சிங்கையாரியன் அரசிருக்கிறான். இன்னும் ஆறு ஆண்டில், 1450இல், தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரயா, நம் நூல்களில் செண்பகப் பெருமாள், வந்து நாட்டைப் பிடிப்பான். கொன்ஸ்தாந்திநோப்பிள் விழுந்தது அதற்கு மூன்றாண்டு கழித்துத்தான்.

இந்த விளையாட்டை ஆடுபவர்களில் ஒரு சாரார் பெரிய நாடுகளைத் தொடுவதே இல்லை. சாகக் கிடக்கும் பைசாந்தியத்தை எடுப்பார்கள்; ரியூக்யூத் தீவுகளை எடுத்து உலகம் முழுவதையும் பிடிக்கப் பார்ப்பார்கள். அதைச் செய்து முடிப்பவருக்கென்றே விளையாட்டில் ஒரு பட்டம் உண்டு. இவர்களின் உத்திகளைத் தொகுத்தால் சுருக்கமாக இவ்வளவுதான்: பெரிய அயலவனுக்குப் பகையான இன்னொரு பெரியவனை நண்பனாக்கு, அயலவன் வேறிடத்தில் மாட்டும்வரை பொறு, மாட்டியதும் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு உடனே சமாதானம் பேசு, எல்லோரும் சேர்ந்து உன்மேல் பாயுமளவுக்கு ஒரே மூச்சில் வளராதே.

இதில் புதியது எதுவுமில்லை. அர்த்தசாஸ்திரத்தின் பன்னிரண்டாம் அதிகரணம் முழுக்க வலிமை குறைந்த அரசனுக்காகவே எழுதப்பட்டது. பலவானிடம் நாணல்போல வளைந்துபோ என்று ஓர் ஆசிரியர் சொல்கிறார். செத்தாலும் பொருது என்று இன்னொருவர். கௌடில்யர் இரண்டையும் தள்ளிவிட்டு, இன்னொரு பெரிய அரசனையோ பிடிக்க முடியாத கோட்டையையோ சார்ந்துகொள் என்கிறார். வெல்ல வருபவர்களையும் மூன்றாகப் பிரிக்கிறார்: பணிந்தால் போதும் என்பவன், நிலமும் பொருளும் கேட்பவன், உயிரையும் குடும்பத்தையும் சேர்த்துக் கேட்பவன். வந்திருப்பவன் எந்த வகை என்று அறிவதில்தான் சிற்றரசனின் ஆயுள் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அரசர்கள் போர்த்துக்கேயரை எந்த வகையில் சேர்த்தார்கள்? நூறாண்டு வரலாறு இந்தக் கேள்வியில் அடங்கும்.

யாழ்ப்பாணம் எப்போதும் சிறியதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025இல் வந்த ஐந்தாம் பதிப்பு 1337இல் தொடங்குகிறது. அந்த யாழ்ப்பாணம் வேறு. 1344இல் வந்த இபன் பதூதா, யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியின் கப்பல்கள் யேமன்வரை போவதை எழுதியிருக்கிறார்; புத்தளம் கரையில் கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்ததையும், முத்துகளைக் காட்டிய அரசன் பாரசீகம் புரிந்தவன் என்பதையும். கேகாலைப் பக்கத்துக் கொட்டகமத்தில் இந்த அரசர்களின் வெற்றியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கம்பளை அரசின் ஊர்களில் இவர்களின் ஆட்கள் வரி தண்டினார்கள். கம்பளைப் பக்கத்து அளகக்கோனார் அந்த ஆட்களைத் தூக்கிலிட்டுச் சண்டையைத் தொடங்கினார். இவர்கள் வெளியிட்ட காசில் படுத்த காளையும் கீழே 'சேது' என்ற எழுத்தும் இருக்கும். அரசின் பலம் எங்கே இருந்தது என்பதைக் காசே சொல்லிவிடுகிறது: வயலில் அல்ல, பாக்குநீரிணையில். முத்துக் குளிப்பு, வன்னியிலிருந்து ஆனையிறவு வழியாக வந்து கப்பலேறிய யானைகள், இரு கரைக்கும் இடையே போன தோணிகள். இந்த விளையாட்டுகளில் நிலத்துக்கு நிறம் உண்டு, நீரிணைக்கு இல்லை.

யாழ்ப்பாண அரசைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நூல்களிலும் அதே குறை வேறு உருவில் இருக்கிறது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதிய யாழ்ப்பாண வைபவமாலைதான் எல்லோருக்கும் தொடக்கம். கைலாயமாலை, வையாபாடல் போன்றவற்றை வைத்துக்கொண்டு அவர் ஓர் அரச பரம்பரையைக் கட்டினார். ஆனால் அவருக்குச் சங்கிலி ஒருவன்தான். 1519இலிருந்து நாற்பதாண்டு போல ஆண்ட சங்கிலியும் 1619இல் பிடிபட்ட சங்கிலி குமாரனும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் காணாமல் போகிறது. வீழ்ச்சிக்குக் காக்கை வன்னியன் என்ற ஒரு துரோகி போதுமானதாகிறது. ஒரு வீரன், ஒரு துரோகி, ஒரு முடிவு என்ற இந்தக் கதைதான் இன்றும் நாடக மேடையில் எடுபடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள். முதலியார் இராசநாயகத்தின் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூல் 1926இல் வந்தது. சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல். முன்னவருக்குப் பெருமையில் ஆசை அதிகம், பின்னவருக்குப் போர்த்துக்கேய ஆவணங்களில். போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் இலங்கை பற்றி 1687இல் முடித்த பெருநூல் 1930இல் ஆங்கிலத்தில் வந்தபின்தான் ஆண்டுகள் தெளிவாயின. குவைறோஸ் வென்றவர் பக்கத்து ஆள். அவர் எழுத்தில் சங்கிலி கொடுங்கோலன். ஆனால் யார் யாருக்கு என்ன கொடுத்தார், எத்தனை யானை, எந்த மாதம் என்பதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கிறது. பேராசிரியர் பத்மநாதன் 1978இல் வெளியிட்ட யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய நூலும், திக்கிரி அபேசிங்க போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாணம் பற்றி 1986இல் எழுதியதும் இன்றைக்கும் தாண்டப்படாதவை. கோட்டைப் பக்கத்துச் சான்றை நம்மவர்கள் அதிகம் தொடுவதில்லை. தெவிநுவரவிலிருந்து ஒரு குயில் யாழ்ப்பாணத்துச் சப்புமலுக்குச் செய்தி கொண்டுபோகும் கோகில சந்தேசய என்ற சிங்களக் காவியத்தில் அக்காலத்து நகரம் வருகிறது. தோற்ற நகரத்தை வென்றவனின் புலவன் பாடியிருக்கிறான். வென்றவனும் ஒட்டிக்கொண்டான்: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றும் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்றே ஒலிக்கிறது. சப்புமல் பின்னாளில் கோட்டையில் முடிசூடியபோது கொண்ட பெயர் அது.

இந்த நூல்களை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் முதலாம் சங்கிலியின் ஆட்டம் மேலே சொன்ன உத்திகளுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. உடைந்து கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை எடுத்துக்கொண்டார். 1543இல் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசா கப்பல்களோடு வந்ததும் திறை தருவதாக ஒப்புக்கொண்டு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொல்வித்தார். இது மதவெறி மட்டுமல்ல. ஞானஸ்நானம் பெற்றவன் போர்த்துக்கல் அரசனின் பாதுகாப்புக்குப் போய்விடுகிறான் என்பதை அவர் சரியாகவே கணித்திருந்தார். கொலையை அந்தக் கணிப்பு நியாயப்படுத்தாது. 1560இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகான்சா பெரும்படையோடு நல்லூரைப் பிடித்தார். புத்தரின் தலதா என்று சொல்லப்பட்ட பல் ஒன்று அங்கே கிடைத்தது. பெகு அரசன் பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் கோவாவில் பேராயர் அதை உரலில் இடித்தார். ஆனால் சங்கிலி ஓடிப்போய்க் காட்டில் இருந்தார், ஊர் கிளர்ந்தது, போர்த்துக்கேயர் மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். தலைநகர் போனால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கும் விளையாட்டுக்காரர் இந்த ஆண்டைப் படிக்க வேண்டும்.

என் கணக்கில் யாழ்ப்பாணத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் சங்கிலி அல்ல, எதிர்மன்னசிங்கம். 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே புர்த்தாடு படையெடுத்து அரசரைக் கொன்று, இவரை அரியணையில் இருத்தினார். பறங்கி வைத்த பொம்மை. திறை கட்டினார், பிரான்சிஸ்கன் பாதிரிமாரைப் பொறுத்துக்கொண்டார். அதே வேளை தஞ்சையிலிருந்து கண்டிக்குப் போன ஆட்களும் உதவியும் யாழ்ப்பாணம் வழியாகப் போய்க்கொண்டேயிருந்தன. கொழும்பிலிருந்து கோவாவுக்கு முறைப்பாடுகள் போயின; அவரை அகற்றும் காலம் மட்டும் வரவில்லை. கௌடில்யர் இரட்டைநிலை என்று சொன்னது இதைத்தான். இப்படிக் கால் நூற்றாண்டு. இவருக்குச் சிலை இல்லை, கூத்து இல்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் நிற்பது சங்கிலியன்.

ஆனால் இரட்டைநிலை ஆளோடு போய்விடும் சொத்து. அவர் இறந்தபோது மகன் குழந்தை. ஆட்சியைப் பார்த்துக்கொண்ட அரசகேசரி (இரகுவம்சத்தைத் தமிழில் பாடியவர் இவரே என்பது பலர் கருத்து) கொல்லப்பட்டார். கொன்ற சங்கிலி குமாரன் 1617இல் ஆட்சியை எடுத்தான். அடுத்த ஆண்டு கத்தோலிக்க முதலிகள் மீகாப்பிள்ளை ஆராச்சியின் தலைமையில் கிளர்ந்தார்கள். சங்கிலி ஊர்காவற்றுறைக்கு ஓடி, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் படை கேட்டான். தஞ்சைப் படையோடு வருணகுலத்தான் வந்து கிளர்ச்சியை அடக்கினான். போர்த்துக்கேயருக்கு அது போதும். சேதுவைக் காவல் காத்ததால் பிழைத்த அரசை, அந்தச் சேதுவைத் தஞ்சைக்குத் திறந்துவிடுமோ என்ற பயத்திலேயே முடித்தார்கள். 1619இல் போர்த்துக்கேயப் படையோடு பிலிப் டி ஒலிவெய்ரா வந்தார். பிடிபட்ட சங்கிலிக்குக் கோவாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒலிவெய்ரா வந்து ஓராண்டு கழித்து, முன்பு சங்கிலியை விரட்டிய அதே மீகாப்பிள்ளை ஆராச்சி, தஞ்சைப் படையோடு சேர்ந்து போர்த்துக்கேயருக்கு எதிராக நின்றதாக ஆவணங்கள் சொல்கின்றன. அவரைத் துரோகி நிரலிலா வீரர் நிரலிலா சேர்ப்பது? வைபவமாலைக்கும் கணினிக்கும் இந்த மனிதனை வைக்க இடமில்லை.

இரகுநாதரும் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். 1620 நவம்பரில் தரங்கம்பாடியை டேனியருக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்கு அவர் செய்த உதவியை அவரது அரசவையின் சமஸ்கிருதக் காவியங்கள் ஒரு புறம் பாடுகின்றன. குவைறோஸ் மறுபுறம் எழுதுகிறார். கண்டியின் கோணம் மூன்றாவது. எதிர்மன்னசிங்கத்தின் காலத்துக்கு இம்மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்து எழுதிய தனி நூல் ஒன்று தமிழுக்கு வேண்டும்.