அடக்கும் ஏற்பிகள்: எந்தச் சான்றை எதற்கு நம்புவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பெயிண்ட் அடிப்பவர்கள், பசை பூசுபவர்கள், இரும்புப் பாகங்களைத் தின்னரில் துடைப்பவர்கள் என்று பலர் வேலை நேரம் முழுக்கக் கரைப்பான் ஆவியை மூச்சில் வாங்குகிறார்கள். ஷிப்டு முடியும் நேரத்தில் தலை கிறுகிறுப்பதும் வெளிக்காற்று பட்டதும் தெளிவதும் இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பதினைந்து வருடம் இப்படியே போனால் மூளை என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் விடை வேண்டும். விடை தரக் கடமைப்பட்ட துறைகளில் ஒன்று, மூளையின் அடக்கும் ஏற்பிகளைப் பற்றிய ஆய்வு. நுட்பத்தில் அது உச்சம் தொட்டிருக்கிறது. ஆனால் அதன் சான்றுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அவற்றை எடைபோடாமல் விட்டால் அழகான படம் தரும் முறையே பெரிய உண்மையையும் தருகிறது என்று நம்பிவிடுவோம்.

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் பொருள்களைப் போலவே அவற்றை அடக்கும் பொருள்களும் உண்டு. முதன்மையானது காபா. 1950-இல் யூஜீன் ராபர்ட்ஸ் உள்ளிட்டோர் அதை மூளையில் கண்டறிந்தார்கள். தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் கிளைசின் அதே வேலையைப் பெருமளவு செய்கிறது. இவை வந்து பொருந்தும்போது நரம்பணுச் சவ்வில் உள்ள ஏற்பி திறந்து குளோரைடு அயனிகளுக்கு வழிவிடும். வளர்ந்த மூளையில் நரம்பணு பெரும்பாலும் அமைதியாகும். தூக்க மாத்திரை, மயக்க மருந்து, சாராயம், தின்னரில் உள்ள டொலுயீன் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த வாயிலைத் தொடுகின்றன.

ஒவ்வொரு ஆய்வு முறையிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஏற்பி எதனால் ஆனது, எப்படி இயங்குகிறது என்று சொல்கிறதா? உயிருள்ள மூளையில், தன் இடத்தில் அது என்ன செய்கிறது என்று சொல்கிறதா? மனிதரிடத்தில், ஆண்டுக்கணக்கில் என்ன ஆகிறது என்று சொல்கிறதா?

முதல் கருவிகள் நம் மண்ணின் நஞ்சுகள். சோழமண்டலக் கரையோரக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின். மீன் பிடிக்க நீரில் கலக்கும் காக்காய்க்கொல்லி விதையில் இருப்பது பிக்ரோடாக்சின். முன்னது கிளைசின் ஏற்பியை அடைக்கிறது, பின்னது காபா ஏற்பியின் குளோரைடு வழியை அடைக்கிறது. இரண்டிலும் அடக்கம் போய் வலிப்பு வருகிறது. 1960-களில் கான்பெராவில் டேவிட் கர்டிஸ் குழுவினர் உயிருள்ள விலங்கின் தண்டுவடத்தில் இத்தகைய நஞ்சுகளைத் துளித்துளியாகச் செலுத்தி, எந்த அடக்கம் எந்தப் பொருளால் நடக்கிறது என்று பிரித்தறிந்தார்கள். 1982-இல் ஹைன்ரிச் பெட்ஸ் குழு கிளைசின் ஏற்பியைத் தண்டுவடத்திலிருந்து பிரித்தெடுத்ததும் ஸ்ட்ரிக்னினைத் தூண்டிலாக வைத்துத்தான். இம்முறையின் வலிமை, அது உயிருள்ள இடத்திலேயே வேலை செய்கிறது என்பது. நஞ்சின் கூர்மைதான் அதன் எல்லை. பிக்ரோடாக்சின் சில கிளைசின் ஏற்பிகளையும் அடைக்கும். ஒரே நஞ்சை வைத்துத் தீர்ப்பெழுதிய பழைய முடிவுகளை அதனால் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

அடுத்தது பிணைப்பு ஆய்வு. 1977-இல் மோலர், ஒகாடா இருவரும், தனியே ஸ்குவயர்ஸ், பிரேஸ்ட்ரப் இருவரும் கதிரியக்கம் ஏற்றிய டயசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தை எலி மூளைச் சவ்வில் கலந்து, அது பிடித்துக்கொள்ளும் இடங்களைக் கண்டார்கள். இவ்வகை மாத்திரைகளில் எது மனிதரிடம் குறைந்த அளவிலேயே வேலை செய்ததோ அதுவே சோதனைக் குழாயிலும் இறுக்கமாகப் பிணைந்தது. ஆய்வகமும் மருத்துவமனையும் ஒத்துப்போன அருமையான இடம் இது. ஆயினும் பிணைப்பு என்பது தொட்டதற்குத்தான் சாட்சி. தொட்டபின் வாயில் திறந்ததா, மூடியதா என்பதற்கு வேறு கருவி வேண்டியிருந்தது.

அதைத் தந்தது நேயர், சாக்மன் இருவரும் 1976-இல் அறிவித்த பேட்ச் கிளாம்ப். நுண்ணிய கண்ணாடிக் குழலைச் சவ்வில் ஒட்டவைத்து, ஒற்றை வாயிலின் வழியே ஓடும் மின்னோட்டத்தையே அளக்கும் இம்முறைக்கு 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987-இல் காபா, கிளைசின் ஏற்பிகளின் மரபணுக்கள் படியெடுக்கப்பட்டன. பிறகு தவளை முட்டையில் வேண்டிய ஏற்பியை உருவாக்கி, வேண்டிய பொருளை ஊற்றிப் பார்ப்பது எளிதாயிற்று. குளோரைடு வாயிலான காபா ஏற்பிக்குக் காபா-ஏ என்று பெயர்; மனிதரிடம் அதற்கு 19 துணையலகு மரபணுக்கள் உண்டு. ஐந்து துணையலகுகள் கூடி ஓர் ஏற்பி ஆகின்றன. எந்தக் கூட்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தவளை முட்டை போலத் தெளிவாகச் சொன்ன அமைப்பு வேறில்லை.

கும்மிடிப்பூண்டியின் கேள்வியும் இங்கேதான் முதன்முதலில் ஆய்வகத்துக்குள் வருகிறது. 2000-இல் பெக்ஸ்டெட், மிஹிக் முதலானோர் தவளை முட்டைகளில் உருவாக்கிய காபா, கிளைசின் ஏற்பிகளில் டொலுயீனைச் செலுத்தினார்கள். அடக்கும் மின்னோட்டம் கூடியது. தூண்டும் ஏற்பிகளில் ஒரு வகையை டொலுயீன் அடைப்பதும் அதற்கு முன்பே தெரியவந்திருந்தது. கிறுகிறுப்புக்கு ஏற்பி அளவில் ஒரு விளக்கம் இவ்வாறு கிடைத்தது. ஆனால் போதைக்காக முகர்வோரை மனத்தில் வைத்து நடந்த ஆய்வு அது. முட்டை சில நிமிடங்களே கரைப்பானில் இருந்தது. போதைக்காக முகர்பவர் பத்து லட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்கு ஆவியை இழுக்கிறார். தொழிலாளி அதைவிட மிகக் குறைவாக, ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார். முன்னதை வைத்துப் பின்னதைத் தீர்மானிக்க முடியாது.

இன்று அதிகம் கொண்டாடப்படுவது அமைப்புப் படங்கள். 2014-இல் மில்லர், அரிசெஸ்கு இருவரும் ஒரே வகைத் துணையலகால் ஆன காபா-ஏ ஏற்பியின் படிக வடிவத்தைத் தந்தார்கள். 2018-இல் ரயன் ஹிப்ஸ் குழு, மூளையில் மிகுதியாக உள்ள கூட்டை உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. ஸ்ட்ரிக்னின் பொருந்திய கிளைசின் ஏற்பியின் படம் 2015-லேயே வந்துவிட்டது; எட்டிக்கொட்டை ஏன் கொல்கிறது என்பதற்கு அணு அளவிலான விடை அது. இவற்றின் பெருமையைக் குறைக்க இடமில்லை. ஆனால் தொடக்கப் படங்கள் பலவும் வளர்ப்புச் செல்லில் உண்டாக்கி, நெகிழும் பகுதிகளை வெட்டி, சோப்புக் கரைசலில் மிதக்கவிட்ட ஏற்பிகளின் படங்கள். இத்துறையே அக்குறையை உணர்ந்துகொண்டது. 2023-இல் எரிக் கூவோ குழு சுண்டெலி மூளையிலிருந்தே ஏற்பிகளைப் பிரித்துப் படமெடுத்தது. அப்போதும் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்க்கும் வேலைதான் அது; எந்த வீட்டுக் கதவில் இருந்தது, யார் திறந்தார்கள் என்பது அதில் தெரியாது.

இது வெறும் மனக்குறை அல்ல. முதிராத மூளையில் நரம்பணுவுக்குள் குளோரைடு அதிகம் இருப்பதால், காபா வந்ததும் குளோரைடு வெளியே ஓடி நரம்பணு தூண்டப்படலாம் என்பதை யெஹெஸ்கெல் பென்-ஆரி 1989-இல் காட்டினார். வளர வளர, குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 என்ற புரதம் கூடி நிலைமை தலைகீழாகிறது. ஏற்பியின் அமைப்பில் மாற்றமே இல்லாதபோதும் பயன் மாறுகிறது. ஏற்பியை மட்டும் எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் அடக்குகிறதா, தூண்டுகிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை வராது.

ஆகவே மூலக்கூறையும் உயிரையும் சேர்த்துப் பிடிக்கும் சோதனைகளுக்கு என் கணக்கில் எடை அதிகம். நெல் வயலில் தண்டுத் துளைப்பானுக்கு இடும் ஃபிப்ரோனில் குருணை பொன்னேரி விவசாயிக்கும் தெரிந்ததே. அது பூச்சியின் காபா ஏற்பியை அடைத்துக் கொல்கிறது. அந்த ஏற்பியை அடையாளம் காட்டியது, டீல்ட்ரின் என்ற பழைய நஞ்சுக்குச் சாகாமல் தப்பிய பழ ஈ. அதன் ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை ஃப்ரெஞ்ச்-கான்ஸ்டன்ட் 1990-களின் தொடக்கத்தில் கண்டார். இதே தர்க்கத்தைச் சூரிச் குழுவினர் பாலூட்டிக்குக் கொண்டுவந்தார்கள். 1999-இல் சுண்டெலிக் காபா-ஏ ஏற்பியின் ஆல்ஃபா-1 துணையலகில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். டயசெபாம் தந்த மந்தம் போயிற்று, பதற்றத் தணிவு அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு ஆல்ஃபா-2-இல் மாற்றினார்கள். பதற்றத் தணிவு போயிற்று. எந்தக் கூட்டு எந்தப் பயனுக்கு என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சோதனை இத்துறையில் நடந்ததில்லை.

அப்படியானால் எலியிடமே தீர்ப்பை விட்டுவிடலாமா? மெர்க் நிறுவனத்தின் எம்ஆர்கே-409 கூடாது என்கிறது. மந்தம் தராமல் பதற்றத்தை மட்டும் தணிக்கும் மருந்து வேண்டும் என்று இந்தச் சுண்டெலிப் பாடத்தின் வழியில் வடிவமைக்கப்பட்ட மருந்து அது. எலியிலும் குரங்கிலும் மந்தம் தரவில்லை. மனிதர்களுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்தபோதே மந்தம் வந்துவிட்டது. அம்முடிவு 2011-இல் வெளியாயிற்று. விலங்கில் சுத்தமாக வந்த விடை மனிதரிடம் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மனிதரைப் பார்க்கும் கருவிகளோ மொட்டையானவை. ஃபுளூமசெனில் என்ற பொருளில் கார்பன்-11 ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன், வலிப்பு எழும் பகுதியில் ஏற்பிப் பிணைப்பு குறைந்திருப்பதை 1988-லேயே காட்டியது. ஆனால் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும்; அருகிலேயே சைக்ளோட்ரான் வேண்டும், கதிரியக்கமும் உடலில் ஏறும். காந்த அதிர்வு நிறமாலை அளவீடு கதிரியக்கம் இல்லாதது. ஆனால் அது பெரும்பாலும் 3 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தில் மொத்தக் காபா எவ்வளவு என்றுதான் சொல்லும். ஏற்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. தொழிலாளர்களை நேரடியாக ஆராய்வதிலும் சிக்கல் உண்டு. சாராயம் இதே ஏற்பிகளைத் தொடுகிறது. பழைய பேட்டரிகளை உருக்கும் இடங்களில் வரும் ஈயம், ஏற்பியைவிட முக்கியமாக, காபா வெளியாவதையே குறைக்கிறது. இரவு ஷிப்டு தனியே மூளையைச் சோர்வாக்குகிறது. எது எதனால் என்று பிரிப்பது கடினம் என்று ஆய்வகத்தார் சொல்வதில் நியாயம் உண்டு.

அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டும் நான் மறுபக்கமே, அதாவது மனிதரை ஆராயும் பக்கமே, சாய்கிறேன். நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்ந்த அட்டவணை, வேலை நேரச் சராசரியாக டொலுயீனுக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இடம் தந்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஹெச் 2007-இல் தன் பரிந்துரையை 20 ஆக்கியது. அதற்குக் காட்டிய காரணங்களில் பார்வைக் குறைபாடும் கருச்சிதைவும் இருந்தன. மனித உடலில் கண்ட தீங்கே வரம்பை இறக்கியது. ஏற்பியின் அமைப்புப் படங்கள் அப்போது வந்திருக்கவே இல்லை.

என் தீர்ப்பு இது. ஏற்பி எப்படி இயங்குகிறது என்பதற்குப் பேட்ச் கிளாம்ப்பும் அமைப்புப் படமும் சாட்சி. அந்த எல்லைக்குள் அவற்றை மறுக்க முடியாது. எந்தக் கூட்டு என்ன செய்கிறது என்பதற்கு ஓர் அமினோ அமிலம் மாற்றிய விலங்கே முதல் சாட்சி. ஒரு கரைப்பான் ஒரு மனிதருக்குப் பாதுகாப்பானதா என்பதற்கு இவை எவையும் இறுதிச் சாட்சி ஆகா. அங்கே மனிதரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுதான் முதலில் நிற்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அதைத் தொடங்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வேலை நேரம் முழுக்கத் தொழிலாளியின் மூச்சுக்காற்று அருகே ஆவியை அளப்பது, ஷிப்டு முடிவில் சிறுநீரில் ஆர்த்தோ-கிரெசால் பார்ப்பது, நிறங்களை வரிசைப்படுத்தும் சோதனையும் மறுவினை நேரச் சோதனையும் ஆண்டுதோறும் நடத்துவது, குடிப்பழக்கத்தையும் இரத்தத்தில் ஈயத்தையும் குறித்துக்கொள்வது, ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடாமல் சேர்ப்பது: இவ்வளவு போதும். மாறுதல் தெரிகிறவர்களில் சிலரைச் சென்னைக்கு அழைத்துக் காபா அளவீடு செய்யலாம். ஏற்பி ஆய்வு அப்போது அந்த மாறுதலுக்குக் காரணம் தேடும் வேலையைச் செய்யட்டும். மாறுதல் இருக்கிறதா என்ற கேள்விக்கான விடையைத் தவளை முட்டையிடம் எதிர்பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும்.