விரல் சுட்டிற்று, வாய் கூறவில்லை!

பிரெஞ்சு இராணுவத் தலைமை நிலையம். மேசைமீது அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல். படை இரகசியத்தைப் பகைநாட்டுக்கு விற்ற துரோகி எவன் என்று தேடுகின்றனர் தளபதிகள். ஆதாரம் இல்லை, ஆனால் ஆள் வேண்டும்! ஒரு விரல் பட்டியலில் பெயர் பெயராக இறங்கி வருகிறது. ஒரு பெயரருகே நிற்கிறது. டிரைபஸ். அதற்கு நேரே, மதம் இன்னது என்று குறிக்குமிடத்தில், ஒரு சிறு சொல்: யூதர். அவ்வளவுதான்! விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

1937-ஆம் ஆண்டு வெளிவந்த 'எமிலி ஜோலாவின் வாழ்க்கை' எனும் ஹாலிவுட் படத்தின் காட்சி இது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் அப்படத்தில் அந்தச் சொல் தென்படுவது அந்த ஓரிடத்தில்தான். அதுவும் எழுத்தாக, கண்ணிமைக்கும் நேரம். பாத்திரங்களுள் எவர் வாயிலிருந்தும் அது ஒலியாக வருவதில்லை. உண்மையை ஊரறியக் கூறியவனின் வரலாற்றைக் காட்டவந்த படம், அவன் கூறிய உண்மையில் பாதியைத் தொண்டைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டது!

இப்படத்தை இயக்கியவர் வில்லியம் டீட்டர்லே. ஜெர்மனியின் லூட்விக்ஸ்ஹாபன் நகரில் 1893-இல் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர், பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற மாபெரும் நாடக மேதையிடம் நடிப்புப் பயின்றவர், 1930-இல் ஹாலிவுட் சென்று இயக்குநராக நிலைத்தவர், 1972-இல் மறைந்தார். போர்டு, காப்ரா என்று பேசுவோர் இவர் பெயரை உச்சரிப்பது அரிது. எனக்கோ, அந்தப் பழைய ஹாலிவுட்டில் இவரே முதல்வர். காரணம் எளிது. காதலும் குதிரையும் துப்பாக்கியும் காசாகிக்கொண்டிருந்த பட உலகிலே, ஆராய்ச்சிக் குழாய் ஏந்திய கிழவரையும், பேனா பிடித்த பருமனான எழுத்தாளரையும் வீரர்களாக்கிக் காட்டியவர் இவர். அவர் படங்களை விரும்புகிறவன் என்பதனாலேயே அவற்றிலுள்ள ஊமைத்தனம் என்னை உறுத்துகிறது.

முதலில் ஜோலாவை எடுத்துக்கொள்வோம். வறுமையில், ஓவியர் செசானுடன் மாடியறையில் குளிரில் நடுங்கும் இளைஞனாகத் தொடங்குகிறார் பால் முனி. சேரிகளை எழுதுகிறார், சுரங்கங்களை எழுதுகிறார், புகழ் வருகிறது; புகழோடு பட்டுத் திரைகளும் தொந்தியும் வருகின்றன. நண்பன் செசான் விடைபெற்றுச் செல்கிறான். இனி நமக்குள் ஒட்டாது என்று. போராடியாகிவிட்டது, இனி ஓய்வு என்று சாய்ந்து கிடக்கும் அந்த மனிதரிடம்தான் டிரைபசின் மனைவி வந்து கண்ணீரோடு கடிதங்களை வைத்துவிட்டுப் போகிறாள். அவர் உடனே எழுந்து வாள் உருவவில்லை. சங்கடப்படுகிறார், தட்டிக்கழிக்கப் பார்க்கிறார். இந்தத் தயக்கத்தைக் காட்டியதற்காகவே டீட்டர்லேயைப் பாராட்டவேண்டும். ஏனெனில் புரட்சிக்காரன் பிறக்கும்போதே புரட்சிக்காரனாகப் பிறக்கிறான் என்று காட்டும் படங்கள் நமக்கு ஏராளம்; வசதியை விட்டு எழுவது எத்தனை கடினம் என்று காட்டும் படங்கள் மிகக் குறைவு.

பிறகு வழக்குமன்றம்! நீதிபதி வாயைக் கட்டுகிறார். டிரைபஸ் வழக்கைப் பற்றிய கேள்விகளுக்கு அங்கே இடமில்லை என்கிறார். வெளியே வெறிக்கும்பல். உள்ளே முனி எழுந்து நீண்ட நேரம் பேசுகிறார். ஆர்ப்பாட்ட இசையின்றி, ஒரு மனிதன் நின்று வாதிடுவதையே நாடகமாக்கி நம்மைக் கட்டிப்போடுகிறார் டீட்டர்லே. அவ்வாண்டின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசு தந்தார்கள். டிரைபசாக நடித்த ஜோசப் ஷில்ட்கிராட்டுக்கும் துணை நடிகருக்கான பரிசு. தகும்.

ஆனால், தோழர்களே, வரலாறு கூறுவதென்ன? 1894-இல் டிரைபஸ் கைதானபோது பாரிசில் 'லா லீப்ர் பரோல்' எனும் ஏடு யூத வெறுப்பையே மூலதனமாக்கி நடந்துகொண்டிருந்தது. 1895 ஜனவரி 5-ஆம் நாள் பட்டாளத்தின் முன் அவருடைய சின்னங்களைப் பிய்த்து, வாளை முறித்தபோது, வேலிக்கு வெளியே நின்ற கும்பல், யூதனுக்குச் சாவு என்று கூவியது. படத்திலும் கும்பல் கூவுகிறது. துரோகி என்று மட்டும்! இன வெறி, தேசபக்தி வெறியாக மட்டும் உருமாறிவிடுகிறது.

ஜோலாவுக்கு அந்தத் தயக்கம் இருந்ததா? இல்லை. டிரைபஸ் வழக்கில் இறங்குமுன்பே, 1896 மே மாதத்தில், 'பிகாரோ' ஏட்டில் யூதர்களுக்காக என்று தலைப்பிட்டே கட்டுரை தீட்டினார். 1898 ஜனவரி 13-இல் 'லோரோர்' ஏட்டில் வெளிவந்து, சுமார் 3,00,000 பிரதிகள் பரவிய அந்தப் புகழ்பெற்ற குற்றச்சாட்டுக் கடிதத்திலும் யூத வேட்டையைப் பெயர் சொல்லியே சாடினார். அவர் வாயில் இருந்த சொல், அவராக நடித்தவர் வாயில் இல்லை.

ஏன் இல்லை? ஜெர்மனியில் ஹிட்லர் ஆண்ட காலம். 1935-இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்துவிட்டன. படத்தை எடுத்த வார்னர் சகோதரர்கள், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தினர். நாஜி ஜெர்மனியில் தம் வணிகத்தை மற்றப் பெரிய நிறுவனங்களுக்கு முன்பே மூடியவர்கள். துணிவில்லாதவர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அமெரிக்காவிலேயே யூத வெறுப்பு இருந்தது. வாயைத் திறந்தால் யூதர்கள் தம் பிரச்சாரத்துக்குப் படமெடுக்கிறார்கள் என்பார்கள் என்ற அச்சமும் இருந்தது. அறிந்தவர் அறிந்துகொள்வர், விரல் சுட்டினால் போதாதா என்று சிலர் இன்றும் வாதாடுகின்றனர். அறிந்தவருக்காகவா படம் எடுப்பது? அறியாதவன் கொட்டகையைவிட்டு வெளியே வரும்போது எதை அறிந்துகொண்டு வருகிறான்? ஏதோ சில கெட்ட தளபதிகள் ஒரு நல்ல அதிகாரியை மாட்டிவிட்டார்கள் என்று! தளபதியை மாற்றினால் தீர்ந்துவிடும் நோயா அது?

படிப்பகங்களில் இப்படத்தைத் திரையிடும் தோழர்கள், அந்தப் பட்டியல் வரும் இடத்தில் நிறுத்தி, அந்தச் சொல்லை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மேலே ஓட்டினால் நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும்: டிரைபசுக்கு விடிவு வரும் வேளையில் ஜோலா இறப்பதாகப் படம் முடிச்சுப் போடுகிறது. உண்மையில் ஜோலா புகைநச்சால் இறந்தது 1902-இல். டிரைபஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வந்தது 1906-இல். அந்த நான்காண்டுக் காத்திருப்பை மறைப்பது, நீதியை உள்ளதைவிட விரைவானதாகக் காட்டுவதாகும்.

இதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'லூயி பாஸ்டரின் கதை'யில் இந்தக் குறை இல்லை. கையைக் கழுவு, கருவியைக் கொதிக்கவை என்று மருத்துவர்களிடம் மன்றாடுகிறார் ஒரு வேதியியலார். பட்டம் பெற்ற மருத்துவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு விலையாகப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் சாகிறார்கள். தன் மகளின் பேறுகாலத்தில், எதிரியான மருத்துவர் கையைக் கழுவவேண்டுமென்பதற்காகத் தன் கொள்கையையே மறுத்து எழுதிக்கொடுக்கத் துணிகிறார் பாஸ்டர். இது வரலாறன்று, கற்பனை. ஆயினும் பொருத்தமான கற்பனை. பள்ளிப் பாடத்தில் நாய்க்கடி மருந்தையும் 1885-ஐயும் எழுதவைத்து மதிப்பெண் போடுகிறோம். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் பெயரால் நிலையம் இருப்பதையும் சொல்கிறோம். அவரைக் கண்டு படித்தவர்களே நகைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. மாணவர்களுக்கு அதுவல்லவா முதல் பாடம்!

இங்கே ஒரு வேடிக்கை. பாஸ்டரைப் படமாக்கிய அதே டீட்டர்லே, படப்பிடிப்பைத் தொடங்க நாளும் கோளும் பார்ப்பவராம்! சோதிடத்தில் அவரும் அவர் துணைவியாரும் வைத்திருந்த நம்பிக்கையை அவரோடு பணியாற்றியோர் கூறிவைத்துள்ளனர். நம் கோடம்பாக்கத்துப் பூசணிக்காய்க்கு அயல்நாட்டிலும் அண்ணன் உண்டு போலும். நுண்ணோக்காடியைத் திரையில் காட்டியவர், தாம் மட்டும் விண்மீனை நோக்கினார். படம் அதனால் கெட்டுவிடவில்லை என்பது பாஸ்டரின் நல்வாய்ப்பு.

1939-இல் வந்த 'நாட்டர்டாம் கூனன்' கலைத்திறனில் இவர் படங்களுக்கெல்லாம் சிகரம். சார்லஸ் லாட்டனின் அந்தக் கோர முகமும், அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் குழந்தை உள்ளமும் எளிதில் மறப்பனவல்ல. ஆனால் விக்டர் யூகோ 1831-இல் எழுதிய நாவலில் கொடியவன் யார்? கோயிலின் தலைமைக் குருக்களுள் ஒருவனான கிளாட் பிராலோ. துறவு வேடம் பூண்டு, நாடோடிப் பெண்மீது மோகங்கொண்டு, கிட்டாதபோது அவளைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறவன். படத்திலோ கிளாட் பிராலோ சாந்த சொரூபி! கொடுமையெல்லாம் அவன் உடன்பிறந்தான் ழான் தலையில். அவன் உத்தியோகம் நீதிபதி! குருமாரை இழிவாகக் காட்டக்கூடாது என்ற தணிக்கை விதிக்கு அஞ்சி, ஒருவனை இருவராக்கி, அங்கியை நல்லவனுக்கும் பாவத்தை மற்றவனுக்கும் பங்கிட்டுவிட்டார்கள். யூகோவின் சாட்டை மதபீடத்தின்மீது விழுந்தது. படத்தின் சாட்டை பக்கத்து நாற்காலியில் விழுகிறது.

இருந்தும், படம் அச்சு இயந்திரத்தோடு தொடங்குவதை மறுக்க மனம் வரவில்லை. புதிதாக வந்த அந்தப் பொறியைப் பிராலோ வெறுக்கிறான். மன்னன் பதினோராம் லூயி வியந்து பார்க்கிறான். கடைசியில் அப்பெண்ணுக்காக ஊரைத் திரட்டுவது ஒரு கவிஞன் அச்சிட்டுப் பரப்பிய துண்டறிக்கை! நாவலில் தூக்கில் மாண்டவள் படத்தில் பிழைத்துக்கொள்கிறாள். காசு கொடுத்து வந்தவரை மகிழ்விக்கும் முடிவுதான். என்றாலும் காப்பாற்றியதில் துண்டறிக்கைக்குப் பங்கு தந்தார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

'முற்றுகை' (1938) பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றிய படம். எந்தக் கட்சி எது என்று பெயரே சொல்லாத படம்! பெயர் சொல்லாதிருந்தும் கத்தோலிக்க அமைப்புகள் எதிர்த்து நின்றன. விழுங்கிய சொல்லால் பகைவனும் அமைதியடையவில்லை, நண்பனுக்கும் விளங்கவில்லை. 'ஜுவாரெஸ்' (1939), மெக்சிகோவின் பூர்வகுடி மகனைத் தலைவனாகக் காட்டவந்து, அவன்மீது திணிக்கப்பட்ட அயல்நாட்டுப் பேரரசனுக்காகவே அதிகம் கண்ணீர் விட்டது. நான் மறுமுறை பார்க்க விரும்பாதது அது ஒன்றே.

கடைசியாக, 'டாக்டர் எர்லிச்சின் மாயக்குண்டு' (1940). பால் எர்லிச், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். 606 எனும் எண்ணால் புகழ்பெற்ற மருந்தைக் கண்டு மேகநோயைத் தாக்கியவர். கொள்ளைக்காரர் வேடங்களுக்குப் பேர்போன எட்வர்ட் ஜி. ராபின்சன் இங்கே எர்லிச், அடையாளமே தெரியவில்லை! தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் துடிக்கும் மருத்துவமனையில், சோதனைக்காகப் பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் மருந்து என்பது ஆணை. பாஸ்டர் ஆட்டு மந்தையைப் பாதியாகப் பிரிக்கலாம். தாய்மார் பார்த்திருக்கப் பிள்ளைகளைப் பிரிப்பதா? எர்லிச் எல்லோருக்கும் ஊசி போட்டுவிடுகிறார். அறிவியலின் முறைக்கும் மனிதனின் இரக்கத்துக்கும் நடக்கும் அந்தப் போரை இத்தனை எளிமையாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

எர்லிச்சும் யூதர்தான். நாஜி ஆட்சி அவர் பெயர் தாங்கிய தெருப்பலகையைக்கூட விட்டுவைக்கவில்லை. படமோ, மீண்டும், அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் மற்றொரு சொல்லைச் சொல்லிற்று. செல்வச் சீமாட்டி ஒருத்தியின் விருந்து. பட்டும் வைரமுமாகப் பெருமக்கள். எதை ஆராய்கிறீர் என்கிறாள் சீமாட்டி. மேகநோய் என்று, உப்பு எடுத்துத் தரச் சொல்வதுபோல், இயல்பாகக் கூறுகிறார் எர்லிச். மேசை உறைந்துபோகிறது. அவரோ அதைக் கவனிக்கவேயில்லை; வெள்ளை மேசைவிரிப்பின்மீதே வேதியியல் கோடுகளை வரைந்து விளக்கிக்கொண்டிருக்கிறார். கிழவி கூசவில்லை, கேட்கிறாள், பொருளுதவியும் செய்கிறாள். அன்றைய தணிக்கைக்காரர்கள் அச்சொல்லைப் படத்தில் அனுமதித்தார்கள். விளம்பரங்களில் மட்டும் கூடாது என்றார்கள்.