சிம்லிஷும் ஏவல் வினையும்: ‘சிம்ஸ்’ விளையாட்டின் தமிழாக்கம் குறித்து

கணிப்பொறி விளையாட்டுகளை மொழியியலார் ஆய்வுப்பொருளாகக் கொள்வது தமிழில் அரிது. போரும் பந்தயமும் இன்றி, சமைத்தல், துடைத்தல், அண்டை வீட்டாரோடு அளவளாவுதல் ஆகியவற்றையே ஆட்டமாக்கும் வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ‘பெண்களுக்கானது’, ‘எளியது’ என்னும் இரண்டு அடைமொழிகளே இவற்றை ஒதுக்கப் போதுமானவையாக இருந்துள்ளன. மாக்ஸிஸ் நிறுவனம் உருவாக்க, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2000-இல் வெளியிட்ட ‘சிம்ஸ்’ இவ்வகையில் பெரும் பரவல் பெற்றது. 2014-இல் வந்த நான்காம் பதிப்பின் அடிப்படை ஆட்டம் 2022 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் மொழித் தெரிவுப் பட்டியலில் இந்திய மொழி ஒன்றும் இல்லை. இப்பதிப்பைச் சில வாரங்கள் ஆடிப் பார்த்து, தமிழாக்க முற்படின் எழக்கூடிய சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளையாட்டை வடிவமைத்த வில் ரைட் 1991-இல் ஓக்லாந்து நகரத் தீயில் தம் வீட்டை இழந்தவர். இழந்தவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்த பட்டறிவே இவ்விளையாட்டுக்கு வித்து என்பர். பொம்மை வீடு என்னும் கருத்தில் வளர்ந்தது இது. தமிழில் இதற்குச் ‘சிற்றில்’ என்னும் பழஞ்சொல் பொருந்தும். (ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலுக்கென ஒரு பருவமே உண்டு என்பதை நினைந்தால், இவ்விளையாட்டைப் பழித்த ஆடவர் பலரும் மரபு வழுவாதவரே.)

மொழியியலாரை உடனே ஈர்க்கும் கூறு ‘சிம்லிஷ்’. பாத்திரங்கள் பேசுவது எந்நாட்டு மொழியும் அன்று. 1996-இல் வெளிவந்த ‘சிம்காப்டர்’ விளையாட்டிலேயே தலைகாட்டிய இது, சிம்ஸில் ஸ்டீபன் கியரின், ஜெர்ரி லாலர் ஆகிய நடிகர்கள் முன்கூட்டி எழுதாமல் வாய்க்கு வந்தவாறு பேசிய ஒலிகளால் உருப்பெற்றது. ஒரே உரையாடல் ஆயிரம் முறை திரும்ப ஒலித்தாலும் சலிப்புத் தராது; கேட்பவர் தாம் விரும்பும் பொருளை இட்டு நிரப்பிக்கொள்வர்; குரல் மாற்றிப் பதியும் செலவும் இல்லை. பேச்சின் பொருளைத் தலைக்கு மேல் தோன்றும் குமிழிப் படங்கள் குறிப்பாகக் காட்டுகின்றன. எல்லா மொழியினருக்கும் பொதுவான பேச்சு என இதனைப் புகழ்வோர் உளர்.

அப்புகழ்ச்சி ஆராயத்தக்கது. சிம்லிஷில் நிலைபெற்ற சொற்கள் சில உண்டு. ‘சுல் சுல்’ என்பது வணக்கம், ‘டாக் டாக்’ விடைபெறல், ‘நூபூ’ குழந்தை. டச்சு மொழி பேசுவோருக்கு ‘டாக்’ வெற்றொலி அன்று, அன்றாட முகமன் சொல்லே. தமிழ்ச் செவிக்கோ ‘சுல் சுல்’ என்பது ‘சுள் சுள்’ எனக் குத்தும் வலியையும் வெயிலையும் நினைவூட்டும் இரட்டைக்கிளவிக்கு அண்மையில் நிற்கிறது. இருவர் ஒருவர்க்கொருவர் வணக்கம் கூறுங்கால் முதுகில் வெயில் அடிப்பதை எவ்வாறு தவிர்ப்பது? பொருளற்ற ஒலி என்பதும் ஒரு மொழிக்குள் நின்று செய்யும் மதிப்பீடே.

ஒலியசையைவிட இசையோட்டம் முதன்மையானது. சொல் இல்லாத இடத்தில் வினா, ஐயம், சினம் ஆகியன குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே உணர்த்தப்படுகின்றன. தமிழில் இச்சுமையின் பெரும்பகுதியை இடைச்சொற்கள் தாங்குகின்றன: வந்தானா, வந்தானோ, வந்தானே. ஓரெழுத்து வேறுபாட்டில் வினாவும் ஐயமும் அழுத்தமும் பிரிகின்றன. சிம்லிஷில் நாம் கேட்பது ஆங்கிலம் பேசும் நடிகர்களின் இசையோட்டத்தை. சொற்கள் களையப்பட்ட ஆங்கிலம் எனினும் பிழையாகாது.

உரையாடலில் தவிர்க்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேறோரிடத்தில் காத்திருக்கிறது. அடுப்பையோ கட்டிலையோ சொடுக்கினால் செயல்களின் பட்டியல் விரிகிறது. ஆங்கிலத்தில் அவை வெறும் வினையடிகள். ஏவல், பெயர், அகராதித் தலைச்சொல் ஆகிய மூன்றிற்கும் ஒரே வடிவம். தமிழில் சமை, சமையுங்கள், சமைக்கவும், சமைக்க, சமைத்தல் என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். திற, மூடு, சேமி என்னும் மென்பொருள் வழக்கை இங்கும் கொள்ளலாம் என்பர். அங்கு ஏவப்படுவது பொறி. இங்கு ஏவப்படுவதோ முகம் வாடவும் களைக்கவும் வல்ல ஓர் உருவம், பெரும்பாலும் ஒரு பெண். ஆடுபவரும் பெண்ணாக இருத்தல் கூடும். சமை, துடை, பாத்திரம் கழுவு என்னும் ஒருமை ஏவலை வீட்டில் எவரிடமிருந்து எவர் கேட்டு வருகின்றனர் என்பது நாம் அறியாதது அன்று. ஓய்வுக்கென ஆட அமர்பவர் அதே வடிவத்தைத் திரையிலும் காண்பார். இம்முறை ஏவுபவர் அவரே.

‘சமைக்கலாம்’ என்னும் வடிவத்தை இங்குப் பரிந்துரைக்கலாம். பணிவுக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. மனநிலை தாழ்ந்த சிம் இட்ட பணியை மறுப்பதுண்டு. வரிசையில் நிற்கும் செயலை நீக்கவும் இயலும். ஏவலைவிட ‘-லாம்’ ஈறே ஆட்டத்தின் இயல்புக்கு நெருங்கியது. பட்டியலில் இடம் போதாது என்னும் தடை உண்மையே. அதனை எழுத்துரு வடிவமைப்பாளர் தீர்க்கட்டும்.

தேவைகளின் பெயர்கள் அத்துணைத் தொல்லை தருவன அல்ல. நான்காம் பதிப்பில் அவை ஆறு. பிறருடன் பழகும் தேவைக்குப் ‘பேச்சுத்துணை’ என்னும் வழக்குச் சொல் கைகொடுக்கிறது. சிறுநீர்ப்பையின் பெயரால் சுட்டப்படும் தேவைக்கு ‘ஒதுங்குதல்’ போன்ற இடக்கரடக்கல்கள் நம்மிடம் நிரம்ப உண்டு. உறவுப்பெயர்கள் கடினம். ‘கசின்’ என்னும் ஒரு சொல்லை அத்தை மகளாகவோ சித்தப்பா மகனாகவோ பிரிப்பதற்கு, இடையே நிற்கும் பெற்றோரின் பாலையும் உறவுக்கிளையையும் வயது வரிசையையும் நிரல் அறிந்து சொல்லவேண்டும்.

எழுவாய்–பயனிலை இயைபே பெருஞ்சிக்கல். ஆண், பெண் என இரு வடிவங்களை எழுதிவைத்து, பாத்திரத்திற்கு ஏற்ப ஒன்றைக் காட்டும் முறையில் ஆட்டத்தின் அறிவிப்புகள் அமைந்துள்ளன. 2022 மே மாதத்தில் பாத்திரத்துக்குரிய பதிலிடு பெயரை ஆடுபவரே தேரவும் எழுதவும் வசதி வந்தது. முதலில் ஆங்கிலப் பதிப்புக்கு மட்டும். தமிழில் பெயரை மாற்றினால் போதாது, வினைமுற்றும் உடன் மாறவேண்டும். சிம் ஒன்றின் வாழ்நாளை எண்ணிப் பார்ப்போம். தொட்டிலில் ‘குழந்தை அழுகிறது’, சிறுமியானதும் ‘அழுகிறாள்’, முதுமையில் ‘அழுகிறார்’. அஃறிணை முடிபிலிருந்து உயர்திணைக்கு எந்தப் பிறந்தநாளில் ஏறுவது? 2023-இல் கைக்குழந்தைப் பருவம் தனியே சேர்க்கப்பட்ட பின் வினா மேலும் கூர்மையடைகிறது.

இதனினும் நுட்பமானது நடுவயதுத் தம்பதியர் நிலை. தமிழ்க் கதைகளில் கணவர் ‘வந்தார்’, மனைவி ‘வந்தாள்’ என எழுதும் பழக்கம் ஊறியது. ஆட்டத்திலோ அடுப்படி வேலை எப்பாலுக்கும் பொது. ஒருபால் இணையர்க்கு 2000-ஆம் ஆண்டின் முதற்பதிப்பே இடமளித்தது. மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வை மொழிபெயர்ப்பாளர் ஓர் ஈற்றெழுத்தால் புகுத்திவிட முடியும். அதனை எவரும் பிழையெனச் சுட்டவும் மாட்டார். வளர்ந்தோர் அனைவருக்கும் பலர்பால் முடிபே கொள்க என ஒரு நடைக்குறிப்பு வகுத்துக்கொள்ளலாம். காதலும் ஊடலும் அப்போது சற்றே விறைப்பாக ஒலிக்கும். இருவருக்கும் ஒரே அளவில் ஒலிக்கும் என்பதால் அவ்விறைப்பை ஏற்கலாம். இரண்டு வடிவங்களுக்கு மட்டும் இடமுள்ள கட்டமைப்பில் மூன்றாவதையும் நான்காவதையும் செருக இயலாதெனின், முற்றுவினையைத் தவிர்த்து ‘சமையல் முடிந்தது’, ‘குழந்தை பிறப்பு’ எனப் பெயரால் எழுதும் வழியே எஞ்சும். தொடர்வண்டி நிலைய அறிவிப்புகளில் அந்நடையை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம்.