சண்டைக் கலைஞரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்: ஒரு திறனாய்வு

திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் நாயகனுக்காக மாடியிலிருந்து குதிப்பவரையும், தீயினூடே பாய்பவரையும், ஓடும் காரைக் கவிழ்ப்பவரையும் பற்றிப் பேசும்போது தமிழில் ஸ்டண்ட், டூப், சாகசம் என்னும் மூன்று சொற்கள் மிகுதியாக வழங்குகின்றன. இவை பிறமொழிச் சொற்கள் என்பது குறையன்று. கடன் பெறாத மொழி இல்லை. கடன் பெற்ற பின் இவை தமிழில் அடைந்த பொருளே ஆராயத்தக்கது. மூன்றும் பொய்ம்மையின் பக்கம் சாய்ந்துள்ளன.

'தேர்தல் ஸ்டண்ட்' என்னும் தொடரில் ஸ்டண்ட் என்பது வெற்று விளம்பர உத்தியாகும். 'டூப் விடாதே' என்பதில் டூப் என்பது பொய்யாகும். சாகசம் என்பது வலிமையைக் குறிக்கும் வடமொழி அடியிலிருந்து வந்தது. பழைய நீதிநூல்களில் வன்முறைக் குற்றத்தையும், பின்னர்த் துணிவையும் குறித்தது. தமிழிலோ 'சாகசக்காரி' என்றால் துணிந்தவள் என்பதைவிடப் பாசாங்கு செய்து மயக்குபவள் என்னும் பொருளே முந்துகிறது. காட்சியில் உண்மையாகவே விழுபவர் ஒருவர். விழுந்ததாகக் காட்டப்படுபவர் மற்றொருவர். பொய்யைச் சுட்டும் சொல் உண்மையாக விழுபவர்மேல் ஏறியிருப்பது முரணாகும்.

தொடரமைப்பும் இதே போக்கில் அமைந்துள்ளது. 'நாயகனுக்கு டூப் போட்டார்' என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை ஏற்ற நாயகனைச் சார்ந்தே எழுவாய் பொருள் பெறுகிறது. 'யாருக்கு' என்பது இன்றித் தொடர் நிறைவு பெறுவதில்லை. 'யார்' என்பதோ பெரும்பாலும் தொக்கி நிற்கிறது. 'அடி வாங்கினான்' என்பது வடிவத்தால் செய்வினை. பொருளால் செயப்பாட்டுவினையை ஒத்தது. தொழில் நோக்கில் பார்த்தால் வடிவமே உண்மைக்கு நெருக்கமானது. நாயகனின் கை எதிராளியின் உடலைத் தொடுவதில்லை. தலையை உரிய நொடியில் திருப்பி, உடலை எறிந்து, அடியை அடியாக்குபவர் அதை வாங்குபவரே. இச்செயலைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் இல்லை.

கன்னடத்தோடு ஒப்பிடுதல் பயன் தரும். தமிழ்ப் படத் தலைப்புகளில் 'சண்டைப் பயிற்சி' என்று வரும் இடத்தில் கன்னடப் படங்களில் 'சாஹஸ' என்று வருவது வழக்கம். முன்னது கற்பிப்பவரைச் சுட்டுகிறது. பின்னது செயலையே சுட்டுகிறது. தமிழில் ஏற்பட்ட பொருளிழிவு கன்னடச் சொல்லுக்கு நேரவில்லை. ஆயினும் அந்த மதிப்பு யாரைச் சேர்ந்தது என்பது வினாவாகிறது. மைசூரில் பிறந்த நடிகர் விஷ்ணுவர்தனுக்கு 1982-இல் வந்த ஒரு படத்தின் தலைப்பாகிய 'சாஹஸ சிம்ஹ' என்பதே அடைமொழியாயிற்று. மைசூரில் அவருக்கு 2023-இல் நினைவகமும் திறக்கப்பட்டது. ஆக, சொல் உயர்ந்த இடத்திலும் அது நாயகனையே அடைந்தது. அதே நகரின் பிரீமியர் ஸ்டுடியோவில் 1989 பிப்ரவரி 8 அன்று, திப்பு சுல்தான் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் நேர்ந்த தீ விபத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது சண்டைக் காட்சியால் நேர்ந்ததன்று. எனினும் படப்பிடிப்புத் தளத்தின் இடர் பெயர் அறியப்பட்டவர்களோடு நின்றுவிடுவதில்லை என்பதை அது காட்டுகிறது.

தமிழில் இத்தொழிலினர் தமக்கெனப் பெயர் பெற்ற வழி தனித்தன்மை உடையது. நாடக மேடை 'கள்ளபார்ட்' போன்று ஏற்ற வேடத்தைப் பெயர்முன் அடையாக்கியது. சண்டைக் கலைஞர்கள் திறனையும் ஆற்றலையும் அடையாக்கினர்: ஸ்டண்ட் சோமு, ஜூடோ ரத்னம், ஜாகுவார் தங்கம், கனல் கண்ணன். கன்னடத்தில் த்ரில்லர் மஞ்சு என்னும் பெயரும் இவ்வகையினதே. இவர்களுள் 2023 ஜனவரி 26 அன்று மறைந்த ஜூடோ ரத்னத்தின் வாழ்வு இத்தொழிலின் படிநிலைகளை விளக்கவல்லது. 'முரட்டுக் காளை' (1980), 'சகலகலா வல்லவன்' (1982), 'பாயும் புலி' (1983) உள்ளிட்ட, 1,000-க்கும் மேற்பட்ட படங்களில் அவர் பணியாற்றினார். ஃபைட்டர், உதவியாளர், மாஸ்டர் என்பது இத்தொழிலின் ஏணி. மூன்றாம் படியில்தான் படத் தலைப்பில் பெயர் இடம்பெறுகிறது. முதற்படியிலேயே நின்றுவிட்டவர்கள் பலர். அடைமொழியும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை.

விருதுகளின் பெயர்களும் இந்த ஏணியையே பின்பற்றுகின்றன. இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கான விருது 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டது; 'புலிமுருகன்' என்னும் மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதைப் பெற்றார். அமெரிக்காவின் ஆஸ்கார் அமைப்பு, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து இத்துறைக்கு விருது உண்டு என 2025-இல் அறிவித்தது. அங்கும் விருதின் பெயரில் உள்ள சொல் 'வடிவமைப்பு' என்பதாகும். வடிவமைப்பவர் மதிப்புப் பெறுவது முறையே. ஆயின் அவ்வடிவத்தைத் தம் உடலால் நிறைவேற்றுபவர் இங்கும் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்.

2016 நவம்பர் 7 அன்று 'மாஸ்தி குடி' என்னும் கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் குதித்த அனில், உதய் இருவரும் மூழ்கி இறந்தனர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் காரைக் கவிழ்க்கும் காட்சியில் எஸ்.எம். ராஜு உயிரிழந்தார். இத்தகையோரின் பெயரைப் பொதுமக்கள் முதன்முதலாக அறிவது பெரும்பாலும் இறப்புச் செய்தியில்தான்.

மொழிபெயர்ப்பாளர் இங்குச் செய்யத்தக்கன சில உள. தொழிலினர் தம்மைக் குறிக்க ஏற்றுக்கொண்ட 'சண்டைக் கலைஞர்' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம். அது குதித்தலையும் ஊர்தி கவிழ்த்தலையும் முழுதும் தழுவாது; அவ்விடங்களில் செயலையே பெயராக்கி, 'காரைக் கவிழ்த்தவர்', 'நாயகனுக்காகக் குதித்தவர்' என வினையாலணையும் பெயரால் கூறலாம். அதற்கு வேண்டிய ஆற்றல் தமிழ் இலக்கணத்தில் உண்டு. டூப் என்னும் சொல்லை உரையாடலில் பாத்திரம் பேசும்போது விட்டுவைக்கலாம். செய்தியிலும் ஆவணத்திலும் தவிர்ப்பது நன்று. எழுவாயைத் தொக்க விடாமல் கலைஞரின் பெயரோடு தொடரை அமைப்பது, புதுச் சொல் படைப்பதினும் முதன்மையான பணியாகும்.