கடைக்குக் கடை ஒரு வாய்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். சாயங்காலமானால் மதுக்கூடம் தேடுகிறவர்கள் தேடட்டும். நம்முடைய கிறக்கம் பால்கோவா. ஆண்டாள் கோயில் பக்கம் வரிசையாகக் கடைகள். பெயர்ப்பலகையை நம்பிப் புண்ணியமில்லை. நூறு கிராம் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு, அடுத்த கடைக்கு நகர வேண்டும்.

சேர்மானம் பாலும் சீனியும், அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் அடுப்பிலும் கையிலும். விறகடுப்பில் அகன்ற சட்டி. கிண்டுகிற கை ஓயவே கூடாது. கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்து, சட்டி முழுக்கத் தீய்ந்த வாசம். இறக்குகிற பதத்தில்தான் மாஸ்டரின் பெயர் நிற்கிறது: முந்தினால் கொழகொழ, பிந்தினால் ரப்பர்.

வெள்ளை வெளேரென்று இருப்பதற்கு நான் மார்க் போடுவதில்லை. லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். நாக்கில் மணல்மணலாக உதிர்ந்து, விரலில் நெய்ப்பசை தங்க வேண்டும். விறகுப்புகை மூக்கில் ஒரு நொடி வந்து போனால் இன்னும் அரை மார்க். இளஞ்சூட்டில் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நீட்டும் கடைக்கு மறுமுறை போக மாட்டேன்.

2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எல்லாச் சட்டியும் ஒரே ருசியாகிவிடவில்லை, நல்லவேளை.

நாலாவது கடையில் திகட்டிவிடும். அப்போது கைகொடுப்பது சாத்தூர்க் காராச்சேவு, ஒரு கைப்பிடி. பிறகு ஐந்தாவது கடை.