கைபட மலரும் கலை

மன்றம், பொதியில் என இரு பழஞ்சொற்கள் தமிழில் உள. ஊரார் அனைவரும் கூடுதற்குரிய பொதுவிடத்தை அவை குறிக்கும். அத்தகைய இடத்தில் நிகழும் கலைக்குச் சுவருமில்லை, நுழைவுச்சீட்டுமில்லை. காண்போரும் அதில் ஒரு பங்கினரே. தெருக்கூத்தில் இதனை இன்றும் காணலாம். கட்டியங்காரன் அவையோரை நோக்கிக் கேலி பேசுகிறான். அவையிலிருந்து மறுமொழி எழுகிறது. அம்மறுமொழியால் அன்றைய கூத்தே சற்றுத் திசை மாறுகிறது. காண்போர் கைபட்டு உருப்பெறும் இவ்வகைக் கலையையே இக்காலத் திறனாய்வாளர் பொதுவெளியின் பங்கேற்புக் கலை என்கின்றனர். பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது.

பழையது என்று பெருமை பேசி அமைவது திறனாய்வு ஆகாது. மும்பைத் தெருக்களில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த சில முயற்சிகளை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? மூன்று வினாக்கள் போதும் என்பது என் கருத்து. அக்கலை எவருடைய அறிவிலிருந்து பிறந்தது? வழிப்போக்கரின் கை அதனை மாற்ற வல்லதா? விழா முடிந்த பின் எவரிடம் எது எஞ்சுகிறது?

2009 ஆகஸ்டில் மாகிம் முதல் தாதர் வரை துளசி பைப் சாலையின் நெடுஞ்சுவரில் பொதுமக்கள் ஓவியம் தீட்ட அழைக்கப்பெற்றனர். இருப்புப்பாதையை ஒட்டிய அழுக்குச் சுவர் வண்ணம் பெற்றது. ஓவியம் பயிலாதோரும் தூரிகை பிடித்தனர்; அது சிறப்பே. ஆனால் அவ்விரு நாள் கழிந்ததும் பங்கேற்பும் முடிந்தது. மறுநாள் அவ்வழியே நடந்தவர் வெறும் பார்வையாளரானார். வெயிலும் மழையுமே பின்னர் அச்சுவரில் கைவைத்தன.

2011இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் கேண்டி சாங் என்னும் கலைஞர், கைவிடப்பட்ட வீடொன்றின் சுவரைக் கரும்பலகையாக்கி, இறப்பதற்கு முன் யாது செய்ய விழைகிறீர் என்னும் வினாவை எழுதி, அருகே சுண்ணக்கட்டிகளை வைத்தார். வருவோர் எழுதினர், அழித்து மீண்டும் எழுதினர். இரண்டாம் வினாவிற்கு இது நல்ல விடை. எனினும் எழுதுவோர் தனித்தனியே எழுதிச் செல்கின்றனர். ஒருவர் ஏக்கத்திற்கு மற்றொருவர் பொறுப்பேற்பதில்லை.

இனித் தாராவிக்கு வருவோம். 2015 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் ‘ஸ்நேகா’ என்னும் தொண்டு நிறுவனம், இலண்டன் வெல்கம் அறக்கட்டளையின் துணையுடன், தாராவி பியனாலே என்னும் கலைவிழாவை நடத்தியது. உடல்நலமும் கலையும் அங்கே கைகோத்தன. அவ்விழாவின் தலையாய படைப்பு ஒரு துணி வரைபடம். சூசி விக்கரி என்னும் கலைஞருடன் அமர்ந்து தாராவிப் பெண்கள் தங்கள் பகுதியையே ஊசியாலும் நூலாலும் வரைந்து, பெண்கள் மீதான வன்முறை நிகழ்ந்த இடங்களை அதில் குறித்தனர். எந்தச் சந்தில் எந்த வீட்டில் அழுகுரல் எழுந்தது என்பதை எந்த நில அளவையாளரும் அறியார், அப்பெண்களே அறிவர். அவர்கள் கையின்றி அவ்வரைபடம் இல்லை. பங்கேற்பு அங்கே அணிகலன் அன்று, உயிர். முதல் வினாவிற்கு இதனினும் சிறந்த விடையை நான் கண்டிலேன்.

குறையும் உண்டு. தாராவியில் ஒரு விழா என்றதும் தொலைவிலிருந்து வருவோர் கலையைக் காண வருகின்றனரா, ஏழ்மையைக் காண வருகின்றனரா என்னும் ஐயம் எழாமல் இராது. 2016இல் ஹோர்கே மன்யேஸ் ரூபியோ, அமாண்டா பினாத்தி ஆகிய இருவர் தள்ளுவண்டியின் மேல் அமைத்த தாராவி வடிவமைப்பு அருங்காட்சியகம் இவ்வையத்திற்கு விடை கூற முயன்றது. இப்பகுதி மக்கள் செய்யும் பொருள்களை இரக்கத்திற்கு உரியவையாக அல்லாமல் வடிவமைப்புத் திறனுக்குச் சான்றாக அது தெருவிலேயே வைத்தது. நோக்கம் உயர்ந்தது, ஆயினும் எது கலை என்று தேர்ந்து பெயரிட்ட கை வெளியார் கையே.

இவ்வனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, நம் வீட்டு வாயிற்கோலத்தை மறுதட்டில் வைத்துப் பாருங்கள். அரிசிமாக்கோலம் எறும்புக்கு உணவு. நடப்போர் காலடிக்கு வழி. மறுநாள் மற்றொரு கோலம். தைத்திங்களில் தாராவித் தமிழ்ப் பெண்டிர் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சியும் இவ்வகையினதே. இவற்றிற்கு அமைப்பாளர் இல்லை, திறப்பு விழா இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்றியமையாதது: தெருவை நோக்கிய வாயில்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககக் கதவுகளுக்கு முன் இன்றும் கோலம் உண்டு. ஆயினும் மாடிப்படியேறி வருவோர் சிலரே அதனைக் காண்பர். கோலம் பிழைத்தது, தெருவை இழந்தது.

இவ்விழப்பே இன்று தாராவியின் முன் நிற்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. செம்பூரை அடுத்த தேவ்னார்க் குப்பைமேட்டு நிலத்தின் ஒரு பகுதியும் இத்திட்டத்தின் குடியமர்த்தலுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. மழைநீர் புகாத வீடும் தனிக் கழிப்பறையும் வேண்டா என்று எவரும் கூறார். சந்தின் அழகு கருதி மக்கள் சந்திலேயே உழல வேண்டும் என்பது கொடுமை. நம் வினா வேறு. வீடுகளைச் சதுர அடியில் அளப்போர், பானை வைக்கும் தெருவை எந்த அளவுகோலால் அளப்பர்? வரைபடத்தில் பூங்காவும் வாகன நிறுத்தமும் இடம்பெறலாம். பலர் வாயில்கள் ஒன்றையொன்று நோக்கும் பொதுவிடம் இடம்பெறுமா?

பங்கேற்புக் கலையின் உண்மையான உரைகல் இதுவே. ஓவியத்தில் கைவைக்க மக்களை அழைப்பது எளிது. தாம் வாழப்போகும் தெருவின் வரைபடத்தில் கைவைக்க அழைப்பதே அரிது. ஊசியும் நூலும் கொண்டு தம் தாராவியை வரைந்த பெண்கள் அதற்குரிய தகுதியை முன்னரே மெய்ப்பித்துள்ளனர். அவர்களுக்கு அவ்விடத்தைப் பெற்றுத் தர மும்பைத் தமிழ் அமைப்புகள் குரல் எழுப்புமாயின், மன்றம் என்னும் பழஞ்சொல் நம் ஏட்டில் மட்டுமன்றி மண்ணிலும் வாழும்.