கப்டன் ராம்சிங்கும் நம் தப்பும்

போர்க்களத்துத் தளபதிகளைப் போற்றுவதற்கு நம்மவர்க்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை. அத்தளபதிகளின் பின்னே நடந்த கால்களுக்குத் தாளம் தந்தவர் யார் என்று வினவினாலோ, சபையில் மௌனமே விடையாகும். இந்திய தேசிய இராணுவத்தின் இசைஞர் கப்டன் ராம்சிங் தாக்குரியைப் பற்றி எழுத நாம் முற்பட்டது இதனாலேதான்.

இமயமலைச் சாரலில் தர்மசாலையை அடுத்த சிற்றூரில், 1914இல், கூர்க்காக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். இளமையிலேயே பட்டாளத்து வாத்தியக் குழுவில் சேர்ந்து, 1941இல் படையோடு மலாயாவுக்கு வந்தார். அந்த ஆண்டை நம் மக்கள் மறத்தற்கில்லை. கூலி உயர வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவழக்கம் ஒழிய வேண்டும் என்று கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை அடக்க வெள்ளையர் அரசு இந்தியச் சிப்பாய்களையே ஏவிற்று. இரண்டே ஆண்டில், 1943இல், சுபாஷ் சந்திர போஸின் படையில் சிப்பாயும் தோட்டத் தொழிலாளியும் ஒரே அணியில் நின்றனர். ஒரே மெட்டுக்கு அடியெடுத்து வைத்தனர்.

அம்மெட்டு ராம்சிங்குடையது. வம்சீதர் சுக்லாவின் சொற்களுக்கு அவர் அமைத்த 'கதம் கதம் படாயே ஜா' என்னும் நடைப்பாட்டில் ஆலாபனை இல்லை, சங்கதி இல்லை. பாடுகிறவனுக்குத் தேர்ந்த குரலும் வேண்டா. அசைக்கு ஓர் அடியாகக் கால் எழும். மூச்சு முட்டுமுன் வரி முடியும். வித்துவான்கள் இதனை இசையென்று ஒப்புவரோ, அறியோம். பால்மரம் வெட்டி வந்தவனைப் படைவீரனாக நிமிர்த்திய இதனை நாம் உயர்ந்த இசையென்றே சொல்வோம்.

ஆனால் அது இந்துஸ்தானி மொழிப் பாட்டு. படையில் பெருந்தொகையினராயிருந்த தமிழர்க்கு ரோமன் எழுத்தில் அம்மொழியைப் புகட்டினர். பொருள் முழுதும் விளங்காமலே பாடியோர் பலராதல் வேண்டும். மொழியைத் திணிப்பது நமக்கு உடன்பாடன்று. எனினும் மொழி தடுத்த இடத்தில் மெட்டு உள்ளே புகுந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

தோட்டத்திலிருந்து சென்றவர்கள் தாளம் அறியாதவரா? லயத்துச் சாவுக்கும் தீமிதிக்கும் தப்பும் உறுமியும் முழங்கினவே! அவற்றை அடித்தவனுக்கு வாசற்படிக்கு வெளியே இடம் தந்தோம். பிறகு அவன் பெயரை ஏன் எழுதி வைக்கப்போகிறோம்? ராம்சிங்குக்குப் பட்டாளம் வாத்தியம் பயிற்றியது, போஸ் வயலின் பரிசளித்தார், பின்னாளில் லக்னோவில் ஆயுதப் போலீசின் வாத்தியக் குழு வேலை தந்தது. 2002இல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின. அவர் மெட்டை இந்திய இராணுவம் இன்றும் வாசிக்கிறது. கடல் கடந்து வந்து, பால் வெட்டி, துப்பாக்கியும் ஏந்திய நம் தப்புக்காரனுக்கோ கல்லறைக் குறியும் அரிது.

நாம் இதனை எழுதும் ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் தோட்டமாயிருந்த நிலம். 1978இல் மாநிலத் தலைநகராயிற்று. லயங்கள் போயின. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இளைஞர் இன்று உறுமி மேளம் அடிக்கின்றனர். சாவுக்கு எந்த அடி, சாமி புறப்பாட்டுக்கு எந்த அடி, அதனைக் கற்பித்த தாத்தா எந்தத் தோட்டத்தார் என்று அவர்களிடம் கேட்டு எழுதியனுப்பும் வாசகர்க்கு இப்பகுதியில் இடம் உண்டு.